இடது மூலை

ஆனி மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பத்திர ஆபீஸ் தெருவிலிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் முகத்தை மாற்றிக்கொண்டன. ஒன்பது நாள் என்றால் என்ன அவசரம் என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் புரியும். ஆடி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் ஒருவரும் நிலம் வாங்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள், பெற்ற மகளுக்கு எழுதி வைக்கக்கூட மாட்டார்கள். வருடம் முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தவர்கள் எல்லாரும் ஆனிக் கடைசியில் விழித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மேற்கே மலை இருக்கிற இடம் தெரியாமல் சாரல் மூடிக் கிடக்கும். தலையில் எண்ணெய் வழிய வழியக் குற்றாலத்து அருவிக்குப் போகிற கூட்டம் வேன்களில் ஒரு பக்கம், தாய்ப்பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற கூட்டம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் காற்று, குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த அப்டேட் வந்து சேர்ந்தது. பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடைக்காது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று சொல்லி, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அல்தாப் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு கடைக்கும் புதியதை ஏற்றிவிட்டுப் போய்விட்டான். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருடமாக ஸ்க்ரீனின் இடது கீழ் மூலையில் இருந்த பொத்தானைக் காணோம். அது நடுவுக்குப் போய்விட்டது. மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் வரிசையாக வருமே காப்பி, பேஸ்ட் என்ற சொற்கள், அவையும் போய், கத்தரிக்கோலும் காகிதமுமாகப் பொடிப் படங்கள் வந்து நின்றன.

"கல்யாண மாப்பிள்ளை கணக்கா எல்லாம் நடுவுல வந்து உக்காந்துட்டு" என்றான் போட்டோ ஸ்டூடியோ ஜெபஸ்டின். ஜெராக்ஸ் கடை கிறிஸ்டிக்கு மட்டும் பிடித்திருந்தது. "நல்லாத்தான இருக்கு. வெள்ளையடிச்ச வீடு மாதிரி பளிச்சுன்னு" என்று சொல்லி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கம்ப்யூட்டரை வாழ்நாளில் தொட்டறியாத பத்திர எழுத்தர் வேல்சாமி அண்ணாச்சிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேக்காம கொள்ளாம அடுத்தவன் வீட்டுப் பொருளை எடம் மாத்தி வைக்கானே, இவன் யாருவே?" என்று டீக்கடை வாசலில் நின்று கேட்டார். யாரை வையவேண்டும் என்று தெரியாததால் அல்தாப்பை வைதார்.

எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவர் காந்திமதிநாதன். வேல்சாமியின் பத்திரங்களை இருபத்திரண்டு வருடமாக டைப் அடித்துக் கொடுக்கிறவர். ஐம்பத்து மூன்று வயது. கை வேகத்துக்குப் பேர்போனவர். அவர் அடிக்க ஆரம்பித்தால் தகரத்தில் சாரல் விழுகிற சத்தம் கேட்கும் என்பார்கள்.

"அண்ணாச்சி, ஒரு வாரம். கை பழகுத வரைக்கும்தான்" என்றான் அல்தாப்.

"பழசைப் போடுடே."

"பழசு இனிமே சரிப்படாது. வைரஸ் கிய்ரஸ் வந்தா உங்க பத்திரம்பூரா போயிரும்."

"போனாப் போவட்டும். எனக்கு அந்த மூலை வேணும்."

அல்தாப் சிரித்தான். "மூலைதான? இந்தா தாரேன்" என்று எதையோ இரண்டு தட்டுத் தட்டிப் பொத்தானைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தான். அது தெரிந்ததும் மற்ற கடைக்காரர்களும் அவனைக் கூப்பிட்டு அதே மாதிரி மாற்றிக்கொண்டார்கள். புதன்கிழமைக்குள் தெரு அடங்கிவிட்டது. வியாழக்கிழமை ஜெபஸ்டினே, "பழசைவிட இது தேவலடே" என்று சொல்லிவிட்டான். காந்திமதிநாதன் மட்டும் அடங்கவில்லை. மூலை வந்தது, அதற்குள் இருந்த வரிசை வரவில்லை.

அவருக்கு வரிசைதான் எல்லாம். அதற்குக் காரணம் உண்டு. அதை அவரும், திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரும் தவிர வேறு யாரும் அறியமாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன், சர்க்கரை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் அந்த டாக்டரைப் பார்த்தார். ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், மாத்திரையும் இல்லை, ஆபரேஷனும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பப்பாளித் தண்டைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியதுதான். தண்டுக்குள் வருகிற எழுத்து தெளிவாகத் தெரியும். அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. இருட்டத் தொடங்கினால் அதுவும் போய்விடும்.

அதற்கு ஏற்ற மாதிரி ஒரு வேலைமுறையை அவர் உண்டாக்கிக்கொண்டார். மவுஸைக் கீழேயும் இடதுபக்கமும் இழுத்துக்கொண்டே போனால் அம்பு மூலையில் முட்டி நின்றுவிடும். தேடவே வேண்டாம். அங்கிருந்து எண்ணிக்கை. மேலே நாலு, வலப்பக்கம் ரெண்டு, அங்கே கிரையப் பத்திரம். அதற்கு ஒன்று கீழே செட்டில்மெண்ட். வலது பொத்தானை அமுக்கினால் மூன்றாவது வரி காப்பி, நாலாவது பேஸ்ட். கீபோர்டுக்குக் கண்ணே தேவையில்லை. இப்படி மூன்று வருடம் ஒரு பிசகு இல்லாமல் ஓட்டினார். மகள் உமாராணி மதுரையில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். அவள் படிப்பு முடிகிற வரைக்கும் ஓட்டிவிட்டால் போதும், அதன்பின் எது நடந்தாலும் நடக்கட்டும் என்பது அவர் கணக்கு. அந்த ஒரு வருடத்தின் தலையில்தான் அப்டேட் வந்து விழுந்தது.

முதல் இரண்டு நாள் அவருக்கு ஒரு விதத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது. "எங்கன இருக்குன்னே தெரியலயே" என்று அவர் சலித்துக்கொண்டால், "எங்களுக்கு மட்டும் தெரியுதா" என்று நாலு கடையிலிருந்து பதில் வரும். ஊரே அவரைப் போலத் தடவிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஊருக்குக் கண் வந்துவிட்டது. அவர் தனியாக நின்றார்.

இனி, குடி விஷயத்தைச் சொல்லவேண்டும். தெருவில் யாரைக் கேட்டாலும், காந்தி அண்ணாச்சி தங்கமான மனுஷன், சாயந்தரமானால் மட்டும் கொஞ்சம் போடுவார் என்பார்கள். உண்மையில் அவர் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, மங்கலில் வீட்டுக்கு நடந்து போகையில் தெருவோரச் சாக்கடையில், வாறுகாலில், காலை விட்டு விழுந்தார். தூக்கிவிட்டவன், "என்ன அண்ணாச்சி, லேசாப் போட்டிருக்கியளோ?" என்று கேட்டான். அவரும் ஒரு கணம் யோசித்து, "ஆமாடே, இன்னைக்குக் கொஞ்சம்" என்று சிரித்துவிட்டார். அந்தச் சொல் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு எதில் முட்டினாலும், எந்தச் செம்பைத் தட்டிவிட்டாலும் அதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. அவர் அதை மறுக்கவே இல்லை.

மனைவி நாச்சியார் சும்மா இருப்பாளா. புளியங்குடியிலிருந்து அவள் அண்ணனை வரவழைத்து, கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்கவைத்தாள். இசக்கியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினாள். குடிக்காத குடியை இனிமேல் தொடமாட்டேன் என்று காந்திமதிநாதன் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கெல்லாம், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று நாச்சியார் செவ்வாய்க்கிழமை தோறும் ஒருவேளை பட்டினி கிடந்தாள்.

அப்டேட் வந்த பிறகு ஒரு பத்திரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஐந்தரை போய் ஏழாயிற்று. புதன்கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது மணி ஏழே கால். வேட்டியில் சேறு, முழங்காலில் சிராய்ப்பு, ஒரு செருப்பைக் காணோம்.

நாச்சியார் உளுந்தஞ்சோறு ஆக்கி, எள்ளுத் துவையல் அரைத்து வைத்திருந்தாள். சாரலுக்குச் சூடாகச் சாப்பிடுவாரே என்று செய்தது. அவரைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாயைத் தொறங்க."

"என்னட்டி இது, பச்சப்பிள்ளைய மாதிரி."

"தொறங்கன்னா தொறங்க."

மோந்து பார்த்தாள். "ஏலக்காய் எதுக்குப் போட்டிய?"

"டீயில கெடந்துது."

"எங்கிட்டயேவா. வாடை தெரியக் கூடாதுன்னுதான ஏலக்காயப் போடுதது?"

"நாச்சியார், கம்ப்யூட்டர மாத்திட்டான். வேலை ஓட மாட்டேங்கு. அதான் நேரமாயிட்டு."

"ஒங்களுக்கு மட்டுமா மாத்துனான். ஊருக்கே மாத்தியிருக்கான். ஜெபஸ்டின் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துட்டானாம், அவன் பொண்டாட்டி சொல்லுதா. அவன் கம்ப்யூட்டரு அவனை விட்டுட்டு, ஒங்கள மட்டும் புடிச்சு வச்சிருக்கோ?"

நாச்சியார் தட்டை அவர் முன்னால் தள்ளினாள். "கற்பூரத்துல அடிச்ச சத்தியம். எனக்கு ஒண்ணுமில்ல. அங்கன ஒரு பொம்பளப்பிள்ள ஆஸ்டல்ல கெடக்கா. இசக்கியம்மன் அவளை ஒண்ணும் செஞ்சிரக் கூடாதேன்னு எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு. அதையாவது நெனச்சுப் பாத்தியளா?"

அந்தச் சோற்றை அவர் எப்படித் தின்றார் என்று கேட்காதீர்கள். தட்டில் துவையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் வெறும் சோற்றையே பிசைந்து தின்றார். கோபத்தில்தான் துவையலைத் தொடவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிசகு நடந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து சுடலைமாடன் என்ற விவசாயி மனைவியோடு வந்திருந்தார். ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் நஞ்சையை மகள் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதவேண்டும். காந்திமதிநாதனின் முறை என்னவென்றால், அதே மாதிரிப் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பெயரையும் சர்வே நம்பரையும் நான்கு மாலையும் மாற்றி அடிப்பது. நான்கு மால் என்றால் நிலத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்கிற விவரம். நிலத்துக்கு அதுதான் உயிர். புதிய மெனு, நேற்றுத் திறந்தது, முந்தாநாள் திறந்தது என்று அதன் இஷ்டத்துக்கு ஃபைல்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் எண்ணிப் போய்த் தொட்டது வேறொன்று. புதிய நான்கு மாலை ஒன்றில் அடித்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தது இன்னொன்றை.

கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தைப் பார்ட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டுவது வேல்சாமி அண்ணாச்சியின் வழக்கம். அவர் படித்துக்கொண்டே வந்தார். "மேற்கே, தென்வடல் பஞ்சாயத்து ரோடு."

சுடலைமாடனின் மனைவி நிமிர்ந்தாள். "ரோடா? எங்களுக்கு மேக்க வாய்க்கால்லா."

"வாய்க்காலா?"

"நாப்பது வருசமா அதுலதான் தண்ணி பாய்ச்சுதோம். ரோடு எங்கன வந்துது? எங்களுக்குத் தெரியாமப் போட்டுட்டாவளா?"

வேல்சாமி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு மாலும் வேறு யாருடையதோ. இருபத்திரண்டு வருடத்தில் இது முதல் தடவை.

"அப்டேட்டு அண்ணாச்சி" என்றார் காந்திமதிநாதன். "ஃபைலு மாறி மாறி வருது."

"அது உள்ளதுதான்" என்று பக்கத்துக் கடையிலிருந்து ஜெபஸ்டின் குரல் கொடுத்தான். "நேத்து எனக்கும் ஒரு ஞானஸ்நான ஆல்பம் மாறிப் போயிட்டு."

எல்லாரும் தலையாட்டினார்கள். சுடலைமாடன்கூட, "மிசினு பண்ணுனதுக்கு இவுக என்ன செய்வாக" என்றார். இவ்வளவு எளிதாகத் தப்பித்துவிட்டதே என்று காந்திமதிநாதனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு குடும்பத்தின் வாய்க்காலை ஒரு நொடியில் இல்லாமல் ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நான்கு மாலையும் சரியாக அடித்தார். திருத்திய பத்திரத்தை வாங்குகிற சாக்கில் வேல்சாமி குனிந்து அவர் முகத்தருகே வந்தார். மூச்சை இழுத்தார். ஊரே அவர் வாயை மோந்து பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஆனி முடிய இரண்டு நாள். திங்கட்கிழமை மாலை ஆறேகால் ஆகியும் ஆளைக் காணாததால், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று நாச்சியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் காற்று குடையைப் பின்பக்கமாக மடக்கிவிட்டது. மடங்கிய குடையோடு, நனைந்த சேலையோடு, பாட்டிலை எங்கே ஒளித்துவைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். வாசலுக்குப் பக்கவாட்டில் முகத்தை வைத்து, ஸ்க்ரீனுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவள் படியேறி உள்ளே வந்து அவருக்கு வலப்பக்கம் நின்றாள். அவர் திரும்பவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தாள். மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. தண்ணீரில் கலந்து குடிப்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். சத்தமில்லாமல் அதை எடுத்து, மூடியைத் திறந்து மோந்தாள். வெறும் தண்ணீர். இரண்டு சாண் தள்ளிப் பிரிண்டர் பக்கத்தில் வைத்தாள். அவர் அப்போதும் திரும்பவில்லை. மவுஸைக் கீழே இழுத்து மூலையில் முட்டினார். உதடு அசைந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு." ஒரு அமுக்கு. மூக்கை ஸ்க்ரீனில் ஒட்டி, தலையைக் கோழி மாதிரி அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தார். "இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடியும் மூலை, மறுபடியும் ஒண்ணு, ரெண்டு.

பிறகு தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினார். பாட்டில் இருந்த இடத்தில் கை மூடித் திறந்தது. மேஜையைத் தடவிக்கொண்டே போய் ஸ்டேப்ளரைத் தொட்டது, பசை டப்பாவைத் தொட்டது. கைக்கு இரண்டு சாண் தள்ளி, வெளிச்சத்தில், பாட்டில் பிரிண்டர் பக்கத்தில் இருந்தது. நாச்சியார் பாட்டிலை அவர் கைப்பக்கம் நகர்த்தினாள்.

"இங்கன இருக்கு" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எப்பம் வந்த?"

"வந்து கால் மணி நேரமாச்சு. ஒங்க பக்கத்துலதான் நிக்கேன்."

சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையை அவர் காதுப்பக்கம் கொண்டுபோய் மெல்ல முன்னால் நகர்த்தினாள். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அவர் கண் சிமிட்டியது.

"எப்பமிருந்து?"

"உமா பன்னெண்டு முடிச்ச வருசத்திலருந்து."

"டாக்டரு?"

"பாத்தாச்சு. சுகர் பாக்கப் போறேன்னு போனேன்லா, அன்னைக்கு. மருந்து கெடையாதாம்."

"அப்பம் குடி?"

"குடியெல்லாம் ஒண்ணுமில்லட்டி."

"ஒரு நாளுமா?"

"ஒரு நாளும்."

நாச்சியார் பார்ட்டிகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். "ரெண்டு வருசமா ஒங்க வாயை மோந்து பாத்திருக்கேன். ஊரெல்லாம் குடிகாரன் பொண்டாட்டின்னு பேரு வாங்கியிருக்கேன். எங்க அண்ணன் வந்து, நாக்கப் புடுங்கிக்கிடுத மாதிரி பேசிட்டுப் போனானே, தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தியளே. சத்தியம் பண்ணச் சொன்னா கற்பூரத்துல டப்புன்னு அடிச்சியளே. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலயா?"

"சொல்லி? குருடன் அடிச்ச பத்திரத்தை எவன் கையெழுத்துப் போடுவான்? குடிகாரன்னா, காலையில தெளிஞ்சிருவான்னு குடுப்பான். குடிகாரனுக்கு இந்த ஊர்ல வேலை உண்டு நாச்சியார்."

"எனக்குச் சொன்னா என்ன?"

"ஒனக்குச் சொன்னா நீ அழுவ. அழுதா நாலு பேருக்குத் தெரியும். இன்னும் ஒரு வருசந்தான, ஓட்டிருவோம்னு பாத்தேன். இவன் வந்து எல்லாத்தையும் எடம் மாத்திட்டான்." அவர் மவுஸைத் தள்ளி வைத்தார். "போன வெள்ளிக்கெழமை ஒரு வாய்க்கால ரோடாக்கிட்டேன். அந்த அம்மா கேக்கலன்னா அப்படியே ரெஜிஸ்தர் ஆயிருக்கும்."

அப்போதுதான் வேல்சாமி அண்ணாச்சி வந்தார். கையில் பிளாஸ்டிக் தாளில் பொதிந்த தடித்த கட்டு. ஒன்பது பேர் பாகம் பிரிக்கிற பத்திரம். ஆனியின் கடைசி முகூர்த்தத்துக்கு. நாச்சியாரின் சிவந்த கண்ணையும் மடங்கிய குடையையும் பார்த்தார். அவருக்கு ஒரு கதை புரிந்துவிட்டது. "மைனி, ஒரு நிமிசம்" என்று அவளை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டானோ?"

அவள் மடங்கிய குடைக் கம்பியை நிமிர்த்தினாள்.

"எங்கிட்ட மறைக்காதிய. போன வாரமே எனக்குச் சந்தேகந்தான். நாளை மறுநாள் ஒம்பது பேரு கையெழுத்து. ஒருத்தன் கொல்லத்துலருந்து ரயிலேறி வாரான். ஆமான்னு சொன்னியன்னா, இன்னைக்கு ராத்திரியும் நாளைக்கு ராத்திரியும் அவனை வீட்டை விட்டு வெளிய விடாமப் பாத்துக்கிடுங்க, அது போதும். தெளிஞ்சிட்டான்னா அவன் கைக்கு இந்த ஊர்ல ஆள் கெடையாது. நான் இந்தக் கட்ட அங்கன வச்சிட்டுப் போறேன்."

நாச்சியார் உள்ளே பார்த்தாள். காந்திமதிநாதனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவர் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி, சொல், சொல் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஆட்டினார். ஒரு ஆமாதான். இரண்டு வருடமாக ஊரெல்லாம் அவளே சொல்லித் திரிந்ததுதான். இன்னொரு தடவை சொன்னால் கட்டு மேஜைக்கு வந்துவிடும். பிள்ளை படித்து முடிப்பாள். ஒன்பது பேரில் யாருடைய வாய்க்கால் ரோடாகிறதோ, அது அவர்கள் பாடு. அந்த வாசுதேவநல்லூர்க்காரியை நாச்சியார் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் கண் முன்னால் வந்து நின்றாள்.

"இல்ல அண்ணாச்சி" என்றாள். "அவுக ஒரு நாளும் குடிச்சதில்ல. கண்ணு தெரியல."

வேல்சாமி முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே போய், காந்திமதிநாதனுக்குப் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் திரும்பவில்லை.

"காந்தி."

இப்போது திரும்பினார்.

"எங்கிட்ட ஏன்டே சொல்லல?"

"சொன்னா வேலை குடுத்திருப்பியளா?"

வேல்சாமி நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால்தான் பொய் சொல்லவில்லை. "குடுத்திருக்க மாட்டேன்" என்றார். கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அடுத்தவன் மண்ணு பாரு. நாளைக்கு ஒரு கேஸு கீஸுன்னா என் கையெழுத்துல்லா இருக்கு. ஆடி கழியட்டும். பேசுவோம். என்னமாவது பண்ணுவோம்." படியிறங்கி, கட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிறிஸ்டியின் கடைக்குப் போனார். அங்கே புதியதாகச் சேர்ந்த பெண் டைப் அடிப்பாள்.

நாச்சியார் ஸ்விட்சை அணைத்தாள். ஷட்டரை அவளே இறக்கிப் பூட்டினாள். தெரு விளக்குகள் எரிந்தன. அவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்படிப் பொது வழியில் அவரைத் தொட்டுக்கொண்டு நடந்தது கல்யாணத்தன்றைக்குப் பிறகு இதுதான். டீக்கடைக்காரன் எட்டிப்பார்த்து, "என்னக்கா, இன்னைக்குக் கூடிப்போச்சோ?" என்றான்.

"அவுக குடிக்கலவே. கண்ணு தெரியல" என்றாள். தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும் அவளுக்கே அதைத் தாங்க முடியவில்லை. குடிகாரன் பெண்டாட்டிக்குச் செவ்வாய்க்கிழமைப் பட்டினி இருந்தது, அண்ணன் இருந்தான், அம்மன் இருந்தாள். இதற்கு எந்த நாள் பட்டினி கிடப்பது. பத்தடி நடந்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்க குடிச்சிருக்கக் கூடாதா" என்றாள். "குடியா இருந்தா என்னைக்காவது விட்டிருவியன்னு ஒரு நம்பிக்கையாவது இருந்துதே."

காந்திமதிநாதனும் நின்றார். முகத்தில் சாரல் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

"பாத்தேன் நாச்சியார்" என்றார். "ஒனக்கு இம்புட்டுப் பொய் சொல்லுதோமே, ஒரு நாளாவது நெசமாக்கிருவோம்னு ஒரு குவார்ட்டர் வாங்குனேன். மூடியத் தொறந்தேன். வாடை கொமட்டிக்கிட்டு வந்துட்டு. வாறுகால்ல ஊத்திட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுலயும் துப்பு கெடையாது ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள்.